முகாம் பதிவா, வெளிப் பதிவா? இலங்கைத் தமிழ் அகதிகளின் இரு நிலைகள்

"அகதி என்றாலே முகாம்தான்" என்று சென்னையில் பலர் நினைக்கிறார்கள். 2021 கணக்கின்படி தமிழகத்தில் முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர். காவல் நிலையத்தில் பதிந்து, வெளியே சொந்தச் செலவில் வாழ்ந்தவர்கள் சுமார் 34,000 பேர்; இதுதான் வெளிப் பதிவு.

புழல், கும்மிடிப்பூண்டி போன்ற முகாம்களில் வீடும் மாத உதவித்தொகையும் உண்டு. 2021 உயர்வுக்குப் பின் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. சென்னை வாடகையை அறிந்த யாரும் இதைச் 'சொகுசு' என்று சொல்லமாட்டார்கள். பதிலுக்கு, கணக்கெடுப்பு நாளில் ஆள் நேரில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் உதவித்தொகைக்கே சிக்கல்.

வெளிப் பதிவில் உதவித்தொகை கிடையாது. எங்கே குடியிருப்பது என்பது அவரவர் விருப்பம், அவ்வளவுதான்.

வெளியே இருந்தால் குடியுரிமை எளிது என்பது அடுத்த தவறான நம்பிக்கை. இரு தரப்புக்கும் சட்டம் ஒன்றே. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன்; அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சலுகை தரும் நாடுகளின் பட்டியலிலோ இலங்கையே இல்லை.

ஊர் திரும்ப நினைப்பவர்கள், இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் முதலில் பதிய வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு இனிஷியல் என்றிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அதை முன்பே திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.