மேற்கே ரயில், கிழக்கே சைக்கிள்: கார் இல்லாமல் நெல்லைச் சீமையில் முகாம்

கார் வைத்திருப்பவர் எங்கே போனாலும் கடைசியில் காரிடம் திரும்பி வந்தாக வேண்டும். முளைக்குச்சியில் கட்டிய மாடு போல, வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றியேதான் அவருடைய ஊர்சுற்றல். நாங்கள் பாளையங்கோட்டையில் பல ஆண்டுகளாகக் கார் இல்லாமல் குடும்பம் நடத்துகிறோம். விடுமுறை வந்தால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு சைக்கிள், பஸ், ரயில் என்று கிளம்பிவிடுவோம். பெட்ரோல் காசு மிச்சம்தானே என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். மிச்சம்தான், மறுக்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. ஓர் ஊரில் ரயிலை விட்டு இறங்கி, மனம்போல மிதித்து, முற்றிலும் வேறோர் ஊரில் பஸ் ஏறி வீடு திரும்பலாம். நடுவில் மழை பிடித்துக்கொண்டாலோ முழங்கால் மறுத்தாலோ அந்த இடத்திலேயே பயணத்தை முடித்துக்கொள்ளலாம்.

இதற்கு எங்கள் சீமையின் அமைப்பும் துணை செய்கிறது. மேற்கே பொதிகை, கிழக்கே மன்னார் வளைகுடா. பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. பெரும்பாலும் அந்த ஆற்றுக்குப் பக்கத்திலேயே ரயிலும் ஓடுகிறது. செங்கோட்டைப் பாதையில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். திருச்செந்தூர்ப் பாதையில் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத். ஒரு நிலையத்தைத் தவறவிட்டாலும் அடுத்தது சைக்கிளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். பாசஞ்சர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் கொரோனாவுக்குப் பிறகு 30 ரூபாயாக உயர்ந்திருந்தது. 2024இல் மறுபடி 10 ரூபாய்க்கு வந்தது. அந்தக் காசுக்கு நம்மையும் மூட்டையையும் மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது காற்றைப் பற்றித்தான். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் தென்மேற்குக் காற்று பாய்ந்து வருகிறது. பணகுடி, காவல்கிணறு பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அந்தக் காற்றை எதிர்த்துக் கூடாரமும் பையும் கட்டிய சைக்கிளை மிதிப்பவருக்கு, மேடே இல்லாத சாலையும் மலையேற்றம் ஆகிவிடும். ஆகவே மேற்கே போவது ரயிலில், கிழக்கே திரும்புவது சைக்கிளில். காலையில் செங்கோட்டைப் பாசஞ்சரைப் பிடித்து அம்பாசமுத்திரத்தில் இறங்கினால், வீடு வரைக்கும் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். சரிவும் ஆற்றோட்டத்தின் திசையில்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று தொடங்கியதும் கணக்கு மாறும். ஆனால் அது அடைமழைக் காலம். அப்போது கூடாரத்தைப் பரணில் போட்டுவிட்டு வீட்டில் இருப்பது உத்தமம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் மாட்டி நின்றது. அந்த மாதங்களில் ஆற்றங்கரைப் பேச்சையே எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

சாதாரணச் சைக்கிளை ரயிலில் கொண்டுபோக வேண்டுமானால் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து சரக்குப் பெட்டியில் ஏற்ற வேண்டும். பெரிய நிலையங்களில் சரி. ஒரு நிமிடம் நின்று கிளம்பும் சின்ன நிலையத்தில் அதை இறக்க யார் இருக்கிறார்கள்? அதனால் மடக்கும் சைக்கிள் வாங்கினேன். சின்னச் சக்கரம், இரும்புச் சட்டம், உறை போட்டுவிட்டால் கொஞ்சம் குண்டான ஒரு பை. கூட்டம் குறைந்த பெட்டியில் கதவுக்கு அருகே, கழிப்பறைப் பக்கச் சுவரில் சாய்த்து ரப்பர் கயிற்றால் கட்டிவிட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. முகூர்த்த நாளிலும் திருச்செந்தூரில் விசேஷம் என்றாலும் இதையெல்லாம் நினைக்கவே கூடாது. ஏறுவதற்கே இடம் இருக்காது.

பஸ்ஸில் எல்லாமே கண்டக்டரின் மனநிலையைப் பொறுத்தது. ஒருவர் பின் இருக்கைக்கு அடியில் வைக்க அவரே கை கொடுப்பார். இன்னொருவர் படியில் காலை வைத்ததுமே “சைக்கிளை எல்லாம் ஏற்ற மாட்டோம் அக்கா, இறங்குங்கள்” என்று விசில் ஊதிவிடுவார். நான் கண்டுகொண்ட வழி, உறையை முன்னதாகவே போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, சைக்கிள் என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் “லக்கேஜ் டிக்கெட் ஒன்று கொடுங்கள்” என்று கேட்பது. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எனவே எனக்கு இலவசம், என் சைக்கிளுக்குக் காசு. என் கணவர் வந்தால் அவரும் சைக்கிளும் ஒரே வரிசை.

பஞ்சர் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் சைக்கிளின் எதிரி முள்தான். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் சாலையோர மண்ணில் எந்நேரமும் கிடக்கும். குளத்தங்கரைப் பாதையில் இறங்கினால் கேட்கவே வேண்டாம். டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி ஓர் அடுக்குப் போட்டு வைத்திருக்கிறேன். எடை கொஞ்சம் கூடும், நிம்மதி நிறையவே கூடும். வெளிநாட்டு மோகத்தில் மெல்லிய வால்வு வைத்த டியூப் வாங்குவோரைப் பார்த்திருக்கிறேன். பத்தமடையிலோ மூலைக்கரைப்பட்டியிலோ எந்தக் கடைப் பம்பும் அதில் பொருந்தாது. மோட்டார் சைக்கிளுக்கு உள்ளது போன்ற தடித்த வால்வு இருந்தால் ஊருக்கு ஊர் இருக்கும் பஞ்சர் கடையில் ஒரு நிமிடத்தில் காற்றடித்துவிடுவார்கள். மடக்காத பெரிய சைக்கிளில் போகும்போது உதிரிபாகக் கவலையும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லாச் சைக்கிள் பாதி வீடுகளில் நிற்பதால், அதற்கான செயினும் பிரேக் கட்டையும் பெட்டிக்கடை அளவு சைக்கிள் கடையிலும் கிடைக்கின்றன. மடக்கும் சைக்கிளுக்கு டியூப் கேட்டால் மட்டும் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் டியூபை எடுத்துக் காட்டுவார்கள். அளவு பார்த்து வாங்கினால் அதுவே சேரும்!

எங்கே தங்குவது? இந்தக் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பாபநாசம், காரையாறு, மணிமுத்தாறு என்று பச்சையைக் கண்டதும் காட்டுக்குள் கூடாரம் போட ஆசை வரும். அது 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியோடு அவர்களுடைய விடுதியில் தங்கலாமே தவிர, நினைத்த இடத்தில் முளை அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. இந்தத் தடையை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். யானைக்கும் கரடிக்கும் நடுவில் இரவு தூங்குவதில் எனக்கு விருப்பம் இல்லை.

அந்தக் காட்டுக்குள்ளும் ஒரு முகாம் உண்டு. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலில் குடும்பம் குடும்பமாக ஆற்றோரத்தில் குடில் போட்டுத் தங்கும் வழக்கம் நம் தாத்தா பாட்டி காலத்துக்கும் முந்தியது. நவீன முகாம் என்று இப்போது கடைகளில் விற்கப்படுவதை எல்லாம், அடுப்பு, பாய், பாத்திரம், கிடாய், மூன்று தலைமுறைச் சொந்தபந்தம் உட்பட, அவர்கள் அப்போதே செய்துவிட்டார்கள். அண்மைக்காலமாக அந்த நாட்களில் தனியார் வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசுப் பஸ்ஸில் மேலே அனுப்புகிறார்கள். கார்க்காரர்களும் நம்மோடு மூட்டையைச் சுமந்து வரிசையில் நிற்பதைப் பார்க்க எனக்கு அற்ப சந்தோஷம் உண்டு, அதை மறைப்பானேன்.

மற்ற நாட்களில் எங்களுக்கு வாய்ப்பது வயற்காட்டுத் தோப்பு, கோவில் வெளி மண்டபம், தெரிந்தவர்களின் களம். வழிமுறை ஒன்றுதான். பொழுது சாயும் முன்பே ஊருக்குள் போய், டீக்கடையில் ஒரு டீ குடித்து, எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம் என்று சொல்லி, எங்கே படுக்கலாம் என்று அவர்களிடமே கேட்பது. நானும் தங்கையும் மட்டும் போகும் நாட்களில் இதை ஒருபோதும் விடுவதில்லை. யாருக்கும் தெரியாமல் ஒதுங்கித் தங்குவதைவிட, ஊர் முழுக்கத் தெரிந்து தங்குவது பெண்களுக்குப் பாதுகாப்பு. தொந்தரவும் உண்டு. சீட்டுக் கட்டுவது முதல் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பது வரை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரவு ஒன்பது ஆகிவிடும். தோப்பில் கூடாரம் போடப் போனால், “அதற்குள் ஏன் படுக்க வேண்டும், எங்கள் வீட்டுத் திண்ணை இருக்கிறதே தாயி” என்று ஆச்சிமார் சண்டைக்கு வருவார்கள். பாதி இரவுகள் கூடாரம் பையை விட்டு வெளியே வராததற்கு அவர்களே காரணம்.

ஆற்று மணலில் மட்டும் படுக்கக் கூடாது. அணையில் தண்ணீர் திறந்தால் முழங்கால் அளவு ஓடிய ஆறு எந்த நேரத்தில் ஏறும் என்று சொல்ல முடியாது. கரைக்கு மேலே படுத்து, குளிக்க மட்டும் இறங்குவோம்.

எனக்குப் பிடித்த இடம் திருப்புடைமருதூர். வீரவநல்லூரில் இறங்கினால் சைக்கிளுக்குப் பக்கம். கோவிலைச் சுற்றியுள்ள மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக 2005இல் அந்த இடத்தை ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ என்னும் வகைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே இவ்வகையில் முதலாவது அதுதான். பறவை அடையும் மரத்தின் கீழ் கூடாரம் போடாதீர்கள். பறவைக்கும் தொல்லை, விடிந்தால் உங்கள் கூடாரத்தின் நிறமும் மாறியிருக்கும். கூந்தன்குளத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே தை, மாசியில் போனால் வரித்தலை வாத்தைப் பார்க்கலாம். திருநெல்வேலியிலிருந்து பஸ் உண்டு, ஆனால் ஊருக்குள் போய்த் திரும்பும் பஸ் குறைவு. மூலைக்கரைப்பட்டியில் இறங்கி மிதிப்பது எளிது.

கிழக்கே தேரிக்காடு வேறு உலகம். குதிரைமொழித் தேரியின் செம்மணலில் சைக்கிள் ஓடாது, தள்ளத்தான் வேண்டும். கூடாரத்தின் இரும்பு முளையை அடித்தால் விரலால் இழுத்தாலே வந்துவிடும். பையில் மணலை நிரப்பிக் குழியில் புதைத்து அதில் கயிற்றைக் கட்டினால் நிற்கும். பனை இருந்தால் அதில் கட்டுவதே நல்லது. அந்த மணல் கூடாரத்தின் ஜிப்புக்குள் புகுந்து பல்லைத் தின்றுவிடும். என் முதல் கூடாரம் போனது அப்படித்தான். திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு, உவரி வழியாகக் கடற்கரைச் சாலை சுகமானது, ஆனால் உப்புக் காற்றில் செயின் ஒரே இரவில் செம்பழுப்பாகிவிடும். வீடு வந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எண்ணெய் விடாமல் படுக்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு அடுப்பு கொண்டுபோவதில்லை. எரிவாயுக் குப்பியையும் மண்ணெண்ணெயையும் ரயிலில் எடுத்துப் போவது சட்டப்படி குற்றம், சிறைவரை போகும். தேவையும் இல்லை. முதல் இரவுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. மறுநாள் வழியில் எந்த ஊரிலும் காலையில் இட்லி, இரவில் புரோட்டா சால்னா. பதநீர்க் காலத்தில் உடன்குடிப் பக்கம் போனால் மதியச் சாப்பாட்டையே மறந்துவிடலாம்.

ஊருக்குள் கார் இல்லாத வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காய்கறிக்கு மகாராஜநகர் உழவர் சந்தை, பள்ளிக்குச் சைக்கிள், டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் பஸ், அவசரத்துக்கு ஆட்டோ. கல்யாண வீடுகளில்தான் சிரமம். “நீங்கள் எதில் வந்தீர்கள்?” என்ற கேள்விக்கு “பஸ்ஸில்” என்று சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் தெரியும் அந்த இரக்கத்துக்குப் பழக எனக்கு நாளாயிற்று. மாமியாருக்குக் கால்வலி வந்தபிறகு வாடகைக் கார் அமர்த்துகிறோம், அதில் வீம்பு பிடிக்கவில்லை.

உண்மையான குறை கடைசிப் பஸ். நெடுஞ்சாலையில் எந்த நேரமும் வண்டி உண்டு. உள்ளே பிரிந்து போகும் கிராமத்துக்கு மாலைக்கு மேல் நம்ப முடியாது, ‘டிரிப் கட்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சைக்கிள் கையில் இருப்பதால் பெரிய சாலை வரை மிதித்து வந்துவிடுகிறோம். சைக்கிள் இல்லாமல் அந்த ஊரிலேயே வாழ்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதை யோசிக்க வேண்டியவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை. இன்னொரு குறை, தென்காசிச் சாலையில் கனிமம் ஏற்றிச் செல்லும் லாரிகள். அவற்றுக்கு அஞ்சியே கால்வாய்க்கரைப் பாதைகளைக் கற்றுக்கொண்டோம். கன்னடியன் கால்வாய், பாளையங்கால்வாய்க் கரைகளில் நிழலும் உண்டு, லாரியும் வராது. முள் மட்டும் இருக்கும்.

தொடங்க நினைப்பவர்கள் ஒரேயடியாகச் செலவு செய்ய வேண்டாம். வீட்டில் நிற்கும் சைக்கிளுக்கு நல்ல கேரியரும் இரண்டு டயரும் மாற்றி, செங்கோட்டை ரயிலின் நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டி, படுக்கைக்குச் சாதாரணக் கோரைப்பாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பத்தமடைப் பட்டுப்பாயைக் கேட்டுவிடாதீர்கள், அது கல்யாணத்துக்கு. கோரைப்பாய் வியர்வையை உறிஞ்சும், சுருட்டிக் கேரியரில் கட்டலாம், நனைந்தாலும் ஒரு வெயிலில் காய்ந்துவிடும். மேலே கட்ட ஒரு கொசுவலை போதும். கூடாரத்தை அடுத்த ஆண்டு வாங்கலாம்.