மண்டலம் என்று ஒரு செட்டிங்: நான்கு வருட அனுபவம்

கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்கு என் பொறுப்பு. ஆள் குறைவு என்பதால் கம்ப்யூட்டர் சமாச்சாரமும் என் தலையில்தான். 2021 முதல் ஒரு வெளிநாட்டு கிளவுட் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துகிறோம், அதாவது கணக்கு எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, இணையம் வழியாக அவர்களுடைய சர்வரில் இருக்கும். பெயர் வேண்டாம். பில் போடுவது, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது எல்லாம் நன்றாகவே ஓடுகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வினையானது செட்டிங்ஸில் இருந்த ஒரு சொல்.

தமிழ்த் திரையில் ‘மொழி மற்றும் மண்டலம்’ என்று இருந்தது. முதல் நாளே இந்தியாவைத் தேர்ந்தெடுத்தேன். தேதி நம் வழக்கத்துக்கு மாறியது, ரூபாய்க் குறி வந்தது, லட்சத்துக்கு ஒழுங்காகக் கமா விழுந்தது. சரி, நம் கணக்கும் இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

2022 ஆகஸ்ட்டில் கம்பெனிகளின் கணக்கு விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. மின்னணு வடிவில் கணக்குப் புத்தகம் வைத்திருந்தால், அதன் காப்புப் பிரதி இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். அதற்கு முன் ‘அவ்வப்போது’ எடுத்தால் போதும் என்றிருந்தது. அடுத்த தணிக்கையில் ஆடிட்டர் கேட்டார். “இந்தியான்னுதான் சார் போட்டிருக்கோம்” என்றேன். “அது சரிங்க, சர்வர் எங்க இருக்குன்னு எழுத்துல வாங்கிக் குடுத்துருங்க” என்றார்.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். பதிலைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. எங்கள் கணக்கு அயர்லாந்தில் இருந்தது. ‘மண்டலம்’ என்பது தேதிக்கும் நாணயத்துக்கும் மட்டுமாம். தரவு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ‘தரவுப் பிராந்தியம்’ என்று இன்னொரு செட்டிங், முதலாளியின் லாகினில் மட்டுமே தெரியும் பக்கத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரீஜன்’ என்ற ஒரே சொல்தான். மொழிபெயர்த்தவர் ஒரு பக்கம் மண்டலம், ஒரு பக்கம் பிராந்தியம் என்று போட்டுவிட்டார். நேர மண்டலம், மாநகராட்சி மண்டலம் என்று ஏற்கெனவே மண்டலங்களுக்குப் பஞ்சமில்லை, இதில் நான் எதைக் கண்டேன்?

முதலாளி லாகினில் போய்ப் பார்த்தால் ஐரோப்பா, அமெரிக்கா, ஆசிய-பசிபிக் என்று மூன்றே தேர்வுகள். ஆசிய-பசிபிக் என்றால் எந்த ஊர்? மூன்று மெயிலுக்குப் பிறகு தெரிந்தது, மூலப் பிரதி மும்பையில், காப்புப் பிரதி சிங்கப்பூரில். விதி கேட்பதோ காப்புப் பிரதியை! மூலப் பிரதியாவது இந்தியாவுக்கு வரட்டும் என்று மாற்றினோம். அப்புறம்தான் தெரிந்தது, பதிவுகள்தான் இடம் மாறின. ஸ்கேன் செய்து சேர்த்த பழைய பில்கள் அயர்லாந்திலேயே தங்கிவிட்டன. ‘மாற்று’ என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதன் பிறகு கையில் கிடைக்கும் மென்பொருளில் எல்லாம் இதைத்தான் முதலில் தேடுகிறேன். ஸோஹோவில் முகவரிப் பட்டையைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இந்தியத் தரவு மையத்தில் உள்ள கணக்கு ‘டாட் இன்’ என்று முடியும், ஐரோப்பாவில் உள்ளது ‘டாட் இயூ’ என்று முடியும். மைக்ரோசாஃப்ட் 365-இன் நிர்வாகப் பக்கத்தில் ‘தரவு இருக்கும் இடம்’ என்ற பொருளில் ஒரு பகுதி இருக்கிறது. மெயில் எங்கே, கோப்புகள் எங்கே என்று ஒவ்வொரு சேவைக்கும் தனி வரி. எனக்கு வேண்டியது இதுதான். ஆனால் அவர்களுடைய கிளவுட் சேவையான அஷூரில் ‘மத்திய இந்தியா’ என்றால் போபால் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், அது புனே. தென்னிந்தியா என்பது சென்னை, மேற்கு இந்தியா என்பது மும்பை. அமேசானின் கிளவுட் சேவை அடைப்புக்குறிக்குள் மும்பை, ஹைதராபாத் என்று ஊர்ப் பெயரையே போட்டுவிடுகிறது.

போன வருடம் எங்கள் மென்பொருளில் சொற்களைத் திருத்தினார்கள். ‘தரவுப் பிராந்தியம்’ போய் ‘தரவு வசிப்பிடம்’ வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் அதைக் கம்பெனி முகவரி என்றே நினைத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது, வசிப்பிடம் என்றால் தாலுகா ஆபீஸ் சான்றிதழ்தானே நமக்கு நினைவு வரும். கீழேயே ‘ஓய்வில் உள்ள தரவு’ என்று ஒன்று. தரவு எப்போது ஓய்வெடுத்தது? ‘சேமித்து வைத்த தரவு’ என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. உதவிக் குறிப்பில் ‘உள்ளூர்மயமாக்கல்’ வேறு. அது இடைமுகத்தைத் தமிழாக்குவதையும் குறிக்கிறது, தரவை நாட்டுக்குள் வைப்பதையும் குறிக்கிறது. தரவின் மேல் அதிகாரம் நம் நாட்டுக்கே என்ற பொருளில் ‘தரவு இறையாண்மை’ என்று விளம்பரத்தில் போடுவது இன்னும் மோசம். சர்வர் மும்பையில் இருந்தாலும், நடத்துவது அமெரிக்கக் கம்பெனி என்றால், 2018-இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி அங்குள்ள நீதிமன்ற ஆணை அந்தத் தரவையும் கேட்கலாம். இடம் வேறு, அதிகாரம் வேறு.

இதையெல்லாம் தெளிவாக எழுதவே முடியாது என்று சொல்ல முடியாது. பணப் பரிவர்த்தனைத் தரவை இந்தியாவில் மட்டுமே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் சொன்னது. வெளிநாட்டில் வைத்துக் கையாளலாமா என்ற கேள்விக்கு 2019-இல் பதிலும் தந்தது: கையாளலாம், ஆனால் ஒரு வேலை நாள் அல்லது 24 மணி நேரம், எது முந்தியோ அதற்குள் அங்கே அழித்துவிட்டு இங்கே கொண்டுவந்துவிட வேண்டும். சேமிப்பது ஒன்று, கையாள்வது ஒன்று என்று அதில் பிரித்துச் சொல்லியாயிற்று. எங்கள் மென்பொருளில் புதிதாக வந்திருக்கும் ஏஐ வசதி பில்லை எந்த நாட்டில் வைத்துப் படிக்கிறது என்று அந்த வசிப்பிடப் பக்கத்தில் இன்றுவரை இல்லை. நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், ‘உங்கள் கணக்கு சேமிக்கப்படும் நாடு: இந்தியா, மும்பை. காப்புப் பிரதி: சிங்கப்பூர். பழைய இணைப்புக் கோப்புகள் இடம் மாறாது’ என்று எழுதினால் போதும். மூன்று வரி. இதை அவர்களுக்கு எழுதி அனுப்பினேன், ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வந்தது.

அடுத்த மாதம் சந்தா புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கத்தான் போகிறேன், நான்கு வருடக் கணக்கை வேறு மென்பொருளுக்கு மாற்றத் தெம்பில்லை. தினமும் இரவு பத்து மணிக்கு முழுக் கணக்கையும் இறக்கி, சென்னையில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் போடுகிறோம். உதவிப் பிரிவின் மெயில்களை அச்செடுத்து ஆடிட் ஃபைலில் முதல் பக்கமாகக் கோத்து வைத்திருக்கிறேன்.