அடுக்கடுக்காகவா, ஒரே ஈரத்திலா? முகம் படியெடுக்க இரண்டு வழிகள்

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையப் பழகுகிறவர்கள் பலர் படியெடுக்க முதலில் கைவைப்பது டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’. அடுத்தது அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் வரைந்த முகங்கள். இரண்டுமே யதார்த்த ஓவியம்தான், ஆனால் முன்னது காய்ந்த பூச்சின் மேல் பூச்சு, பின்னது பெரும்பாலும் ஈரத்தின் மேல் ஈரம். வெர்மீரை ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் சேறுதான் மிஞ்சும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில், வாரக்கடைசி மட்டுமே கையில் இருப்பவருக்கு அடுக்கு முறையே தோது. வெர்மீர் அசலின் அளவு 44.5 × 39 செ.மீ. அதே அளவில் பிரிண்ட் எடுத்து, 4 செ.மீ. கட்டம் போட்டு உருவத்தை இறக்குங்கள். அடிப்பூச்சுக்கு ரா அம்பர் என்ற மண்பழுப்பும் டைட்டேனியம் வெள்ளையும் டர்பென்டைனில் இளக்கினால் போதும். அம்பரில் மாங்கனீஸ் உண்டு, சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் என்ற கறுப்பைக் கலந்தால் காய இன்னும் பல நாள் பிடிக்கும். அந்த ஈரத்தின் மேலேயே அடுத்த பூச்சு போட்டால் பின்னால் வெடிப்பு விடும். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும், குறையக் கூடாது.

பலரும் சறுக்குவது அடிப்பூச்சை இறுதி நிறத்துக்குச் சமமாக இருட்டிவிடுவதில். மேலே வரும் மெல்லிய வண்ணம் எப்படியும் ஒரு படி இருட்டும், ஆகவே அடியில் ஒரு படி வெளிச்சமாகவே விடுங்கள்.

முத்தைக் கூர்ந்து பாருங்கள். மேலே கெட்டியாக ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே காலரின் மங்கலான பிரதிபலிப்பு, அவ்வளவுதான். கொக்கியும் இல்லை, விளிம்புக் கோடும் இல்லை. வட்டம் போட்டு நிரப்பினால் கோலிக்குண்டுதான் வரும். பின்னணியையும் டியூப் கறுப்பால் அடைக்காதீர்கள். அது ஒரு பச்சைத் திரை என்று 2018இல் நடந்த ஆய்வு காட்டியது. கருமைக்கு மேல் பூசிய பச்சைதான் நாளடைவில் மங்கிவிட்டது.

ஈரத்தின் மேல் ஈரம் வைக்கும் நேரடி முறைக்கு நான்கு வண்ணம் போதும்: வெள்ளை, யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), காட்மியம் சிவப்பு, ஐவரி பிளாக். வெள்ளையோடு சேரும் கறுப்பே நீலம் போலத் தெரியும். தொடங்குமுன் வெளிச்சம், இடைநிலை, நிழல் என மூன்று குவியல் கலந்து வையுங்கள். ஒரு தீற்றல் வைத்ததும் பிரஷைத் துடையுங்கள். துடைக்காமல் இரண்டாவது, மூன்றாவது என்று தேய்த்தால் கன்னம் சாம்பலாகிவிடும். சரிவரவில்லையா, கத்தியால் வழித்தெடுத்து மறுபடி வையுங்கள், சார்ஜென்ட்டே அப்படித்தான் செய்தார். கைக்கு வேகம் தருவது இந்த முறைதான், ஆனால் முழு நாள் ஒன்று வேண்டும். நிழல்–வெளிச்சம் பிடிபடாதவருக்கு இது வெறும் வண்ணச் செலவு.

ஆகவே முதல் இரண்டு மூன்று பிரதிகள் அடுக்கு முறையிலேயே இருக்கட்டும். நீண்ட விடுமுறை வாய்த்தால் சிறிய பலகையில் நேரடியாக ஒரு முகம்.

வரவேற்பறைக் காலண்டரில் இருக்கும் ரவி வர்மா லட்சுமியை மட்டும் இரண்டுக்கும் எடுக்காதீர்கள். அச்சுக்குப் போன படத்தில் பூச்சின் அடுக்கே தெரியாது.

சாயங்கால மழைக் காலத்தில் கேன்வாஸ் தொய்யும். பின்புறச் சட்டத்தின் மூலை ஆப்புகளை மெல்லத் தட்டி இறுக்குங்கள். சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பக்கம் பூசணம் பிடிக்கும், காற்றோட்டமாக நிறுத்துங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே தீப்பற்றும். தகரக் கூரை வீட்டில் கேட்கவே வேண்டாம். தண்ணீர் ஊற்றிய டின்னில் போட்டு மூடுங்கள்.