செயினைச் சாணைக்குக் கொடுக்கும் முன் கல்லைப் பாருங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது வாங்கிய, பல் வைத்த செயின் சுழன்று மரம் அறுக்கும் செயின் சா என்னிடம் இருக்கிறது. அது இன்றுவரை என்னை ஏமாற்றியதில்லை. போன மாதம் ஒரு சாணைக் கடைக்காரர் ஏமாற்றினார்.

தென்னை மரம் வெளிப்பக்கம் கெட்டி. அடியில் மண் வேறு ஒட்டியிருக்கும், செயின் சீக்கிரம் மொட்டையாகிவிடும். வழக்கமாக அரம் போட்டுத் தரும் பெரியவர் ஊரில் இல்லாததால், டவுனில் போர்டு பார்த்து இரண்டு செயினைக் கொடுத்தேன். ஒன்றுக்கு 200 ரூபாய். "மிஷின்ல புடிக்கிறோம்ணே, புதுசு மாதிரி இருக்கும்" என்றார். பளபளவென்றுதான் வந்தது.

மரத்தில் வைத்தால் சீவலாக விழாமல் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. அழுத்தினால் புகை. வெட்டு வேறு வலப்பக்கமாக வளைந்து போகிறது. கழற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பல் நுனியெல்லாம் மயில் கழுத்து நீலம்! சூட்டில் பதம் போய்விட்டது, இனி கூர் நிற்காது. இடப்பக்கப் பற்கள் வலப்பக்கத்தைவிட நீளத்தில் 2 மில்லிமீட்டர் குட்டை. பல்லின் மேல்பக்கம் பின்னோக்கிச் சரிவாக இருப்பதால், தேயத் தேய உயரமும் குறையும். பல்லுக்கு முன்னால், அது எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தடுக்கும் சின்ன மேட்டையும் அதற்கேற்ப அராவி, பல்லைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ வைக்க வேண்டும். அதை அவர் தொடவே இல்லை. பல் எப்படி மரத்தைக் கடிக்கும்?

திரும்பப் போனேன். கத்தி, அரிவாள் தீட்டும் பெஞ்ச் கிரைண்டர்தான் அங்கே இருந்தது, கட்டைவிரல் அகலக் கல்லோடு. செயினுக்கென்று உள்ள மிஷினில் கல் மெல்லிசாக இருக்கும், செயினைக் கோணம் பார்த்துப் பிடிக்கும் கவ்வியும் இருக்கும். இவர் கையால் பிடித்து, குத்துமதிப்பாகத் தேய்த்திருக்கிறார். கேட்டால், "உங்க மரம் கெட்டிண்ணே." பணம் திரும்ப வரவில்லை.

சரி, நாமே வீட்டில் பெஞ்ச் கிரைண்டரில் பிடித்துப் பார்க்கலாமே என்று எனக்கும் ஒரு சபலம் வந்தது. ஊர் திரும்பிய அரம் போடும் பெரியவர் திட்டினார்: "அவன் பண்ணுன அதே வேலைய நீயும் பண்ணப் போறியா? செயின் கல்லுல மாட்டுனா விரலையும் சேத்து இழுத்துரும்."

புது செயின் வாங்கியாயிற்று. அதற்குப் பொருந்தும் 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரமும், கோணம் தவறாமல் பிடிக்க 30 டிகிரிக் கோடு போட்ட கைப்பிடியும் வாங்கினேன். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்றே இழுப்பு, எண்ணி. முடிக்க அரை மணி நேரம் ஆகிறது. சீவல் விழுகிறது.