மார்த்தாண்டத்தில் டிக்கெட் போடுகிறவர்கள் கவனத்துக்கு: லவுஞ்ச் உண்டு என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

போன வாரம் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தபோது எங்களுக்கு லண்டன் டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ் கடை வாசலில் புது போர்டு பார்த்தேன். 'பிசினஸ் கிளாஸ், எல்லா ஏர்போர்ட்டிலும் லவுஞ்ச் இலவசம்' என்று போட்டிருக்கிறது. லவுஞ்ச் என்றால் ஏர்போர்ட்டுக்குள் சாப்பாடும் சோபாவும் உள்ள ஓய்வறை. அதைப் பார்த்த பிறகும் பேசாமல் இருக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். கடைப் பெயர் போடவில்லை. இதே பேச்சைப் பேசுகிற கடைகள் களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை நிறைய உண்டு.

லண்டனில் நர்ஸாக இருக்கிற தங்கச்சியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். அம்மாவுக்கு எழுபத்தொன்று வயசு, முட்டுவலி, சர்க்கரை. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்கு நாலு மணி நேரம், அங்கே மாறி லண்டனுக்கு ஏழு மணி நேரம். முழுக்க பிசினஸ் என்றால் கட்டுப்படியாகாது. அந்தக் கடை ஏஜென்ட் தம்பிதான் யோசனை சொன்னான்: நீளமான பயணத்துக்கு மட்டும் பிசினஸ், சின்னதுக்கு எக்கானமி. 'மிக்ஸட் கேபின்' என்பார்கள். யோசனை நல்ல யோசனைதான், அதில் எனக்கு இப்போதும் குறையில்லை. ஏழு மணி நேரம் அம்மா கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். தங்கச்சி கொடுத்த காசு அந்த அளவுக்கு வீண் போகவில்லை.

நான் ஒன்றை மட்டும் குத்திக் குத்திக் கேட்டேன். நடுவில் விமானம் மாறும் இடத்தில் அம்மா எங்கே உட்காருவாள்? அதற்கு அவன் அனுப்பிய குரல் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "அண்ணே, பிசினஸ் டிக்கெட்னா பிசினஸ் டிக்கெட்தான். போற வழி, வாற வழி எல்லா ஏர்போர்ட்லயும் லவுஞ்ச் உண்டு. அம்மைக்கு சாப்பாடு, குளிக்க இடம், படுக்க சோபா. நீங்க ஒண்ணும் யோசிக்கண்டாம்."

போகும்போதே முதல் அடி. காரோடு பைபாஸ் ஏறி, ஈஞ்சக்கல் தாண்டி, சாக்கைப் பக்கமுள்ள சர்வதேச முனையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம். லவுஞ்சில் போர்டிங் பாஸை வாங்கிப் பார்த்த பையன், "இது எக்கானமியாணு சேட்டா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். ஏஜென்டுக்குப் போன் போட்டேன். "அது நம்ம ஊரு ஏர்போர்ட்டுண்ணே, அங்க அப்படித்தான். டிரான்சிட்ல பாருங்க" என்றான். பார்த்தால், டிரான்சிட்டில், அதாவது விமானம் மாறுகிற வளைகுடா ஏர்போர்ட்டில், வாசலிலேயே சிரித்து வரவேற்று உள்ளே விட்டார்கள். அம்மா குளித்தாள், மாத்திரை போட்டாள், தோசை மாதிரி என்னவோ ஒன்று சாப்பிட்டாள். ஏஜென்ட் சொன்னது சரிதான் போல என்று நானும் விட்டுவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். எங்களை உள்ளே விட்டதற்குக் காரணம், அடுத்து ஏறப்போகிற விமானத்தில் எங்களுக்கு பிசினஸ் இருக்கை இருந்தது. வேறு ஒன்றுமில்லை.

திரும்பி வந்த நாள்தான் பெரிய கூத்து. ஐப்பசி ஆறாட்டு அன்றைக்கு எங்கள் பயணம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஏர்போர்ட் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்கு ஆறாட்டுக்கு, அதாவது கடலில் நீராட, போவார். அன்று சாயங்காலம் நான்கைந்து மணி நேரம் விமானம் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ராஜா காலத்திலிருந்து இருக்கிற வழக்கம். சுவாமிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் வழியில் அவர் போகிறார். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு இறங்க வேண்டிய எங்கள் விமானத்தை ராத்திரி ஒன்பதரைக்குத் தள்ளிவிட்டார்கள். நடுவில் காத்திருக்க வேண்டிய நாலரை மணி நேரம் ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது.

இந்த மாற்றம் மூன்று வாரத்துக்கு முன்பே தெரிவிக்கப்பட்டிருக்கிறது. யாருக்கு? ஏஜென்டுக்கு. புக்கிங்கில் எங்கள் நம்பர், எங்கள் மெயில் எதுவுமே இல்லை, எல்லாம் அவனுடையது. லண்டனில் செக்-இன் கவுண்டரில் நின்றபோதுதான் எங்களுக்கே தெரியும். முன்கூட்டித் தெரிந்திருந்தால் வேறு நாளுக்கு மாற்றிக் கேட்டிருக்கலாம். விமான நிறுவனமே நேரத்தை இவ்வளவு தள்ளும்போது, கேட்டால் பெரும்பாலும் காசு வாங்காமல் மாற்றித் தருவார்கள்.

சரி, லவுஞ்ச் இருக்கிறதே என்று தைரியமாக வளைகுடாவில் வந்து இறங்கினோம். காலை ஏழு மணி. அதே வாசல், அதே கண்ணாடிக் கதவு. இந்த முறை மிஷினில் சிவப்பு விளக்கு. கவுண்டரில் இருந்த பெண் மலையாளி. லண்டனிலிருந்து பிசினஸில் வந்த பாதி போர்டிங் பாஸை எடுத்து நீட்டினேன். அவள் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "வந்ந டிக்கெட் நோக்கில்லா சேட்டா. இனி போகுந்ந டிக்கெட்டாணு நோக்குந்நது" என்றாள் பாவம், பதமாகத்தான். குரல் செய்தியைப் போட்டுக் காட்டினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு அனுதாபமாகச் சிரித்தாள், அவ்வளவுதான்.

என்னிடம் இருந்த வங்கி அட்டையை நீட்டினேன். சென்னையில் இரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டு இட்லி சாப்பிட உள்ளே விட்ட அதே அட்டை. உள்நாட்டு லவுஞ்சுக்கு மட்டும் செல்லும் வகையாம். காசு கொடுத்துப் போகிற லவுஞ்ச் ஒன்று இருந்தது. தலைக்கு நம்ம பணத்தில் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் மூன்று மணி நேரத்துக்குத்தான். கணக்கைக் கேட்ட அம்மா, கதவுக்கு எதிரில் இருந்த இரும்பு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். "மக்கா, இவனுவகிட்ட என்னத்துக்கு தொண்டை வறளக் கத்துற? நமக்கு இது போதும்."

ஊரிலிருந்து கொண்டுபோன முந்திரிக்கொத்தில் நாலு உருண்டையைத் தங்கச்சிக்குத் தெரியாமல் பையில் ஒளித்து வைத்திருக்கிறாள். ஒன்றை எடுத்து எனக்குப் பிட்டுத் தந்தாள். சர்க்கரைக்காரிக்கு ஒன்பது மணி நேரத்தில் அகப்பட்டது அதுவும், ஒரு சாண்ட்விச்சும், நாலு காபியும். மத்தியானத்துக்குள் பாதம் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. இருக்கைக்கு நடுவே கைப்பிடி வைத்திருப்பதால் படுக்கவும் வழியில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கேட் வரைக்கும் நடந்தாள்.

வந்த பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். பொதுவான வழக்கம் அந்தப் பெண் சொன்னதுதான்: எந்த விமானத்தில் ஏறப்போகிறீர்களோ அந்த வகுப்பைப் பார்த்துத்தான் கதவு திறக்கும். பல விமான நிறுவனங்கள் சேர்ந்த ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் அடிப்படை விதியே அது. ஒன்வேர்ல்டு கூட்டணி கொஞ்சம் தாராளம்: நெடுந்தூர சர்வதேசப் பயணம் பிசினஸில் இருந்து, அதோடு சேர்ந்த குறுகிய பயணம் எக்கானமியாக இருந்தாலும், அன்றைக்கே அல்லது மறுநாள் காலை 6 மணிக்கு முன் விமானம் மாறினால் நெடுந்தூர வகுப்பையே கணக்கில் எடுப்பார்கள். ஏஜென்ட் தம்பி யாரோ ஒருவருக்கு அந்தக் கூட்டணி விமானத்தில் போட்டுக் கொடுத்து, அவர் நன்றாக இருந்தது என்று சொல்லி, அதையே எல்லாருக்கும் வேதவாக்காக்கிவிட்டான் என்பது என் யூகம். வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்க மாட்டான் என்று முதலில் நினைத்தேன். நேரில் போய்க் கேட்டபோது அந்த எண்ணமும் போய்விட்டது. "டிக்கெட்ல லவுஞ்ச்னு எழுதியிருக்காண்ணே?" என்று என்னையே திருப்பிக் கேட்டான். பிறகு, அடுத்த டிக்கெட்டில் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றான்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். முழுக்க பிசினஸ் எடுத்தாலும் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். வளைகுடா விமானங்கள் சிலவற்றில் லவுஞ்ச் இல்லாத மலிவு பிசினஸ் கட்டணமும் விற்கிறார்கள். 'பிசினஸ்' என்ற சொல்லை மட்டும் பார்த்துக் காசு கட்டினால் வாசலில் நிற்க வேண்டியதுதான். டிக்கெட் பேப்பரில் ஒவ்வொரு பயணத்துக்கும் நேரே கிளாஸ் என்று ஒற்றை எழுத்து இருக்கும். ஜே, சி, டி என்றால் பெரும்பாலும் பிசினஸ், ஒய் என்றால் எக்கானமி. போகும்போதும் வரும்போதும் தனித்தனியாகப் பாருங்கள். எங்களுக்குப் போகும்போது கிடைத்தது வரும்போது கிடைக்காமல் போனது, முதலில் எக்கானமி, பிறகு பிசினஸ் என்ற வரிசை தலைகீழானதால்தான். அப்புறம், புக்கிங் நம்பரை வாங்கி விமான நிறுவனத்தின் செயலியில் நீங்களே போட்டு, உங்கள் போன் நம்பரை அதில் ஏற்றிவிடுங்கள். ஏஜென்ட் முறைத்தால் முறைக்கட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். சரிவராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். என் சிக்கல் என்னவென்றால், அவன் ஒழுங்கான பில் தரவில்லை. பாதித் தொகையை ரொக்கமாக வாங்கிக்கொண்டு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். மீதியை வங்கி வழியாக அனுப்பினேன், அந்த ரசீதும் குரல் செய்தியும்தான் கையில் இருக்கின்றன. மேம்பாலத்துக்குக் கீழே அந்த போர்டைப் பார்த்து யாராவது டிக்கெட் போட்டிருந்தால், அவன் அனுப்பியதை எல்லாம் அழிக்காமல் வைத்திருங்கள். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.