மாலை வரவேற்பா, காலை முகூர்த்தமா?

போன ஆவணியில் மல்லேசுவரத்து மண்டபம் ஒன்றில் என் அக்கா மகளின் திருமணம். வேலை நிமித்தமாக ஜெர்மனியிலிருந்து பெங்களூர் வந்திருந்த சக ஊழியர் ஒருவரையும் அழைத்திருந்தேன். 'எப்போது வர முடிகிறதோ அப்போது வாருங்கள்' என்று சொன்னது என் தவறு. முதல் நாள் மாலை கோட்டும் டையுமாக வந்தார். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று மேடையேறினார். திருமணம் ஆனதற்கு மனமார்ந்த வாழ்த்துகள் என்றார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, 'தாலி கட்டுவது நாளைக் காலையில்தான்' என்றார். மறுநாள் காலை அவருக்கு விமானம்.

அவர் மீது பிழை இல்லை. பெங்களூரில் பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தைய மாலையே வரவேற்பை முடித்துவிடுகிறோம். மணமக்கள் ஜோடியாக நின்று பரிசு வாங்குவதைப் பார்க்கும் வெளிநாட்டவர் கல்யாணம் முடிந்துவிட்டது என்றுதானே நினைப்பார்? அந்தக் காலத்து ஜானவாச (மாப்பிள்ளை அழைப்பு) ஊர்வலத்தின் இடத்தையும் இந்த மாலையே விழுங்கிவிட்டது. ஆகவே, ஒரு வேளை மட்டும் வரக்கூடிய விருந்தாளியை வரவேற்புக்கு அழைப்பதா, முகூர்த்தத்துக்கு அழைப்பதா என்பது அற்பக் கேள்வி அல்ல.

வரவேற்பின் பக்கம் நியாயம் உண்டு. அலுவலகம் முடிந்து வரலாம். நல்ல உடை எதுவானாலும் போதும். பேச்சுக்குத் துணையாக மற்ற சக ஊழியர்கள் இருப்பார்கள். சாப்பாடும் பெரும்பாலும் தட்டேந்திச் சாப்பிடுவதுதான்: பானிபூரி, கோபி மஞ்சூரியன், பிசிபேளாபாத், ஐஸ்கிரீம், பீடா. காரம் தாங்காதவர் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏழு மணிக்கு ஒயிட்ஃபீல்டிலிருந்து காரில் கிளம்புபவர் எப்போது வந்து சேர்வார் என்பதற்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டு மெட்ரோ நேராக மெஜஸ்டிக் வரை வருகிறது. அங்கே பச்சைத் தடத்துக்கு மாறி வருவதே புத்திசாலித்தனம். இத்தனை பாடும் மேடையில் இரண்டு நிமிடம் நின்று, ஒளிப்படக்காரர் சொன்ன திசையில் பார்த்துவிட்டு இறங்குவதற்கு. போதாக்குறைக்கு, வெள்ளைக்கார விருந்தாளி என்றால் பெரியப்பா முதல் பக்கத்து வீட்டுப் பையன் வரை கூட நின்று படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். கல்யாணம் பார்க்க வந்தவரையே வேடிக்கை பார்ப்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

காலையில் அவரை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அதுதான் அதன் அழகு. வாத்தியார் மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார். முதல் வரிசையில் அத்தைகள் புடவை விலை பேசுவார்கள். குழந்தைகள் நாற்காலிகளுக்கு நடுவே ஓடும். இதை அவமரியாதை என்று நினைத்து, தேவாலயத்தில் இருப்பதுபோல் விருந்தாளி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காசி யாத்திரைக்குக் குடையும் கோலுமாகப் புறப்படும் மாப்பிள்ளையைப் பெண்ணின் தகப்பனார் வழிமறிப்பது, மாலை மாற்றும்போது மாமன்மார் மணமக்களைத் தூக்கிக்கொண்டு போக்குக் காட்டுவது, ஊஞ்சல் பாட்டு (இவை எல்லாச் சமூகத்திலும் கிடையாது, எங்கள் வீட்டில் உண்டு) எதற்கும் மொழி தெரிய வேண்டியதில்லை. பிறகு ஒரு கை உயரும். நாதசுரமும் தவிலும் கெட்டிமேளத்தில் இறங்கும். தும்மல் போன்ற அபசகுனச் சத்தம் எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் அந்த முழக்கம். அதுவரை ஊர்க்கதை பேசிய கூட்டம் அப்படியே எழுந்து அட்சதை தூவும். முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மீதி இரண்டை அவருடைய அக்காவோ தங்கையோ போடுவது எங்கள் வழக்கம். ஒளிப்படக்காரர்களின் முதுகுதான் தெரியும் என்பதால், விருந்தாளியை மேடையின் பக்கவாட்டில் முன்னதாகவே நிறுத்திவிடுங்கள்.

அழைப்பிதழில் '7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள் கன்னி லக்னத்தில்' என்று இருந்தால், அது நிகழ்ச்சியின் தொடக்கமும் முடிவும் அல்ல, அந்த இடைவெளிக்குள் தாலி ஏறும் என்பதையும் விளக்க வேண்டும். எட்டரைக்கு வந்தவருக்கு மிச்சம் அட்சதை மட்டுமாக இருக்கலாம்.

உடையில் காலைதான் கடினம். ஆண்களுக்குப் பிரச்சினை தீர்ந்தது. இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி கடையிலேயே கிடைக்கிறது. பெண்களுக்குக் கனத்த பட்டு வேண்டாம், சல்வார் போதும் என்பது என் கட்சி. அக்கா ஒப்புக்கொள்வதில்லை. மணப்பெண் அறையில் நாலு ஊசி குத்தினால் யாருக்கும் புடவை நிற்கும் என்கிறாள். மொய் உறைக்கு இரண்டு வேளையும் ஒரே விதி: 500 அல்ல, 501.

இலைச் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறார்கள். இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும், வலக்கையால் சாப்பிட வேண்டும், முடிந்ததும் தன் பக்கமாக மடிக்க வேண்டும். வேறு பாடம் இல்லை. கரண்டி கேட்டால் குற்றமும் இல்லை. 'போதும்' என்ற சொல்லைப் பரிமாறுபவர் நம்ப மாட்டார், இரு கைகளையும் இலைக்கு மேல் விரிக்க வேண்டும். அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பதற்குத்தான் யாராலும் தயார்படுத்த முடியாது.

இவ்வளவையும் எண்ணித்தான், தை மாதம் எங்கள் வீட்டு அடுத்த கல்யாணத்துக்கு நெதர்லாந்திலிருந்து வந்திருந்த சக ஊழியரைக் காலைக்கு மட்டும் அழைத்தேன். விடியலில் சாலை காலியாக இருந்தது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டார். ஒரு வாய் சாம்பாருக்குக் கண் கலங்கியது; போளியும் தயிர்சாதமும் காப்பாற்றின. மறுநாள் தாம்பூலப் பையோடு என் மேசைக்கு வந்து, இந்தத் தேங்காயை வைத்து என்ன சடங்கு செய்ய வேண்டும் என்று மிகுந்த பணிவோடு கேட்டார். சட்னி என்றேன்.