ஏரி மாடலுக்கு எந்த லைசென்ஸ்: ஜிபிஎல்லா, பிஎஸ்டியா?

பெங்களூரு ஏரிகள் பலவும் சங்கிலியாகக் கோத்தவை. மேலே இருப்பது நிரம்பினால் ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கு வடியும். அந்தத் தொடரில் மழைநீர் எப்படி ஓடும், எங்கே தேங்கும் என்று கணக்கிடும் மாடல் ஒன்றை எங்கள் ஆய்வுக்குழு வெகுநாளாக எழுதி வருகிறது. பாதி பழைய ஃபோர்ட்ரான், பாதி பைத்தான். அதை வெளியிடுவது என்று முடிவானதும் எந்த லைசென்ஸ் என்ற பஞ்சாயத்து ஆரம்பமானது. ஜிபிஎல் என்றால், நிரலை மாற்றி இன்னொருவருக்குக் கொடுப்பவர் மாற்றிய மூலத்தையும் அதே லைசென்ஸில் கொடுக்க வேண்டும். பிஎஸ்டி என்றால், பதிப்புரிமை அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றியதை மூடியும் வைக்கலாம். கடைசியில் மூன்று நிபந்தனைகள் கொண்ட பிஎஸ்டியை எடுத்தோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில வழிகளைச் சீக்கிரமே கழித்துவிடலாம். லைசென்ஸே போடாமல் நிரல் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றினால் எல்லோரும் பார்க்கலாம், யாரும் முறைப்படி பயன்படுத்த முடியாது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே நடத்துகிறது. 'ஆய்வுக்கு மட்டும், வணிகத்துக்கு இல்லை' என்று எழுதினால் அது ஓப்பன் சோர்ஸ் ஆகாது. அமெரிக்க அரசின் ஸ்வம், மாட்ஃப்ளோ என்ற நீர் மாடல்கள் மாதிரி பதிப்புரிமை இல்லாத பொதுச் சொத்தாக விடலாமே என்று ஒருவர் கேட்டார். அங்கே மத்திய அரசு ஊழியர் வேலையாக எழுதியதற்கு உள்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. இங்கே அரசுப் படைப்புக்கு அரசுதான் உரிமையாளர், அதுவும் 60 ஆண்டுகளுக்கு.

அப்புறம் மிஞ்சுவது ஜிபிஎல், பிஎஸ்டி சண்டை. எது பிரபலம் என்று பார்த்தால் முடிவு கிடைக்காது. அறிவியல் மென்பொருள்களில் லாம்ப்ஸ், ஓப்பன்ஃபோம், குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ, ஆர் எல்லாம் ஜிபிஎல். நம்பை, சைபை, பெட்எஸ்சி எல்லாம் பிஎஸ்டி. இரண்டு பக்கமும் நன்றாகவே வளர்ந்திருக்கிறது.

ஜிபிஎல் வேண்டும் என்று நின்றவர் எங்கள் குழுவின் மூத்தவர், சேலத்துக்காரர். "நாம வரிப்பணத்துல எழுதினதை ஒரு கன்சல்டன்ட் எடுத்து, உள்ளே நாலு இடத்துல மாத்தி, மூடி வெச்சுக்குவான். மாத்தினதைக் காட்டுன்னு சட்டமா கேக்கணும்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் எங்கள் துறையில் வேலை நடக்கும் விதம் வேறு. கன்சல்டன்ட் மாடலைத் தன் அலுவலகத்திலேயே ஓட்டுகிறார். வாடிக்கையாளர் கைக்குப் போவது ஒரு பிடிஎஃப் அறிக்கையும் நாலு வரைபடமும்தான். நிரலை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதுதான் ஜிபிஎல்லின் நிபந்தனை பிடிக்கும். அறிக்கையைக் கொடுத்தால் பிடிக்காது. மூடி வைத்தது மூடியபடியே இருக்கும். இணையச் சேவைக்கும் பொருந்தும் ஏஜிபிஎல் என்ற வடிவத்தைப் போட்டாலும், மாற்றிய மாடலை இணையச் சேவையாகத் திறந்துவிட்டால்தான் அவர் மாட்டுவார். நிரலையே பெட்டி கட்டி விற்பவரை ஜிபிஎல் நிச்சயம் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. நான் பார்த்தவரை ஏரி, வடிகால் வேலையில் அப்படி விற்பவர் அபூர்வம்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொரு விஷயம்: பிற்காலத்தில் லைசென்ஸை மாற்ற வேண்டி வந்தால் யாரைக் கேட்க வேண்டும்?

எழுதிக்கொடுக்காத வரை, ஒருவர் எழுதிய வரிகளின் உரிமை அவரிடமே இருக்கும். சம்பள ஊழியர் வேலையாக எழுதியது முதலாளிக்கு என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் உதவித்தொகை வாங்கும் ஆராய்ச்சி மாணவர் ஊழியரா? கோடையில் வந்துபோன இன்டர்ன்? அது அந்தந்த நிறுவனத்தின் விதியையும் அவர்கள் கையெழுத்திட்ட தாளையும் பொறுத்தது. யார் எந்த மாற்றம் செய்தார் என்ற பதிவான எங்கள் கமிட் வரலாற்றைத் திறந்து பார்த்தால் பாதிப் பேர் இப்போது ஊரிலேயே இல்லை. ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் ஹைதராபாத்தில் ஏதோ வங்கியில். இன்னொருவருக்கு மெயில் போட்டால் திரும்பி வருகிறது.

இப்படிப்பட்ட நிரலை ஜிபிஎல்லில் வெளியிட்டு, வெளியாட்களின் பங்களிப்பும் சேர்ந்த பிறகு, தளர்த்தலாம் என்று தோன்றினால் உரிமையுள்ள ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். கிடைக்காதவரின் வரிகளைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். முடியாத காரியம் இல்லை. மூலக்கூறு அசைவைக் கணக்கிடும் குரோமாக்ஸ் 4.6ஆம் பதிப்பில் ஜிபிஎல்லிலிருந்து அதைவிடத் தளர்ந்த எல்ஜிபிஎல்லுக்கு வந்தது. ஐகன் என்ற கணித நிரல் நூலகம் எல்ஜிபிஎல்லிலிருந்து இன்னும் தளர்ந்த எம்பிஎல் 2.0க்கு வந்தது. ஆனால் அதையெல்லாம் உட்கார்ந்து செய்ய ஆள் வேண்டும். ப்ராஜெக்ட் பணத்தில் ஓடும் எங்கள் குழுவில், நிதி முடிந்த மறுநாள் யார் கையெழுத்துக்கு அலைவது?

பிஎஸ்டியில் இந்தத் தொல்லை இல்லை. பழைய அறிவிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, நாளைக்கே அடுத்த பதிப்பை ஜிபிஎல்லின் கீழ் கொண்டுபோகலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதிலும் ஒரு இடைஞ்சல் உண்டு: ஏற்கெனவே பிஎஸ்டியில் கொடுத்த பதிப்பைத் திரும்ப வாங்க முடியாது. அது போனது போனதுதான்.

மாற்ற வேண்டிய நிலை ஏன் வரப்போகிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் நூலகங்களால், அதாவது நம் நிரலோடு இணைக்கும் பிறர் எழுதிய நிரல்களால் வரும். 'ஜிபிஎல் 2 மட்டும்' என்று போட்ட நிரலோடு அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு தளர்வான லைசென்ஸில் உள்ள நிரலைச் சேர்த்து வெளியிட முடியாது. ஜிபிஎல் 3 என்றால் சேரும். சைபையிலிருந்து, சமன்பாடுகளைத் தீர்க்கும் யூஎம்எஃப்பேக் நூலகத்துக்கான இணைப்பு தனிப் பொட்டலமாகப் பிரிந்ததற்கும் லைசென்ஸ்தான் காரணம்.

எங்களிடமும் ஒன்று அகப்பட்டது. வெளியிடுவதற்கு முன் பழைய ஃபோர்ட்ரான் கோப்புகளை வரிவரியாகப் பார்த்தபோது, சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒரு சப்ரூட்டீனில் 'ஏஏமேக்ஸ்' என்றொரு மாறி, கீழே 'சிங்குலர் மேட்ரிக்ஸ்' என்று ஒரு எச்சரிக்கை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது: 'நியூமெரிக்கல் ரெசிபீஸ்' புத்தகத்திலிருந்து யாரோ தட்டச்சு செய்தது. அந்த மூல நிரலை வெளியே பகிர அனுமதி கிடையாது. தூக்கிவிட்டு, அதே வேலையைச் செய்யும் லாபேக் என்ற தளர்வான லைசென்ஸ் கொண்ட நூலகத்துக்கு அழைப்பு ஒன்றைப் போட்டோம். விடையும் மாறவில்லை, வேகமும் கூடியது. ஜிஎஸ்எல் போன்ற ஜிபிஎல் நூலகத்தை இணைத்திருந்தால் பேச்சே இல்லை, சேர்த்துக் கொடுக்கும்போது மொத்தத்தையும் ஜிபிஎல்லில்தான் கொடுக்க வேண்டும். ஆகவே லைசென்ஸ் தேடும் முன் உங்கள் நிரல் எவற்றை இணைக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள்.

"அக்கா, எம்ஐடி போட்டுட்டா வேலை முடிஞ்சுதுல்ல?" என்று ஜூனியர் பையன் கேட்டான். எம்ஐடியும் பிஎஸ்டி மாதிரி தளர்வான லைசென்ஸ்தான். ஏறக்குறைய முடிந்துவிடும்தான். ஆனால் பிஎஸ்டியின் மூன்றாம் நிபந்தனை, எங்கள் பெயரை விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதே என்கிறது. லேஅவுட் விற்பவர்கள் 'இங்கே வெள்ளம் வராது' என்று எங்கள் நிறுவனத்தின் பெயரோடு நோட்டீஸ் அடிக்கக்கூடிய ஊர் இது. எங்கள் மாடலை ஓட்டினோம் என்று உள்ளபடி சொல்வதை அது தடுக்காது, தடுக்கவும் கூடாது.

அப்பாச்சி 2.0இல் பேட்டன்ட் அனுமதி தெளிவாக எழுதியிருக்கிறது. பேட்டன்ட் வழக்கு எதையும் நான் அருகிலிருந்து பார்த்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு நிரலை நிரலாக மட்டும் வைத்துப் பேட்டன்ட் கேட்பதை ஒதுக்குகிறது. வெளிநாட்டில் நிலைமை வேறாக இருக்கலாம். பேட்டரி, மருந்து என்று பேட்டன்ட் புழங்கும் துறையில் இருப்பவர்கள் பிஎஸ்டிக்கு முன் அப்பாச்சியைப் பாருங்கள், ஒரு வக்கீலையும் பாருங்கள்.

'எங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டியே ஆக வேண்டும்' என்று லைசென்ஸில் ஒரு வரி சேர்க்கும் ஆசை எங்களுக்கும் வந்தது. வேண்டாம். அப்படிச் சேர்த்தால் அது பிஎஸ்டியாகவே இருக்காது, ஜிபிஎல் நிரலோடும் சேராது. சைட்டேஷன் கோப்பு ஒன்றைத் தனியாக வைத்தால் கிட்ஹப்பே மேற்கோளைக் காட்டிவிடும். இன்னொன்றும் செய்தோம்: புதிதாக வரும் மாணவர் முதல் கமிட் போடும் முன்பே, 'இது என் எழுத்து, பிஎஸ்டியில் தருகிறேன்' என்று ஒப்புதல் வாங்கிவிடுகிறோம்.